"வந்துவிட்டுப் போயிருப்பான்" என்பதற்கு இத்தாலியர்கள் எதிர்காலம் போடுவது ஏன்?

பதோவா கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். இத்தாலியில் பதோவாவுக்குப் படிக்க வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இத்தாலியன் மொழியில் ஏ2 (அடிப்படை நிலை) வரை ஊரிலேயே முடித்துவிட்டேன் என்று கொஞ்சம் தெனாவட்டாகத்தான் வந்திறங்கினேன். நேற்று அது இறங்கிவிட்டது.

இந்தப் பக்கம் அக்டோபர் 15 முதல்தான் வீட்டில் ஹீட்டிங் போடலாம் என்று விதி. தேதி வந்தது, போட்டேன். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கல்தாயா (வெந்நீருக்கும் ஹீட்டிங்குக்கும் பொதுவான கேஸ் பாய்லர்) இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்துபோனது. வீட்டுக்காரம்மா கீழ்வீட்டில் இருக்கிறார். ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். நேற்று மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து வந்ததும் அவரிடம் போய் விசாரித்தேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் "சரா ஜா பஸ்ஸாத்தோ" என்றார்.

"சரா" எதிர்காலம். என் புத்தகத்தில் அதற்கென்று ஒரு முழுப் பாடமே உண்டு. "பஸ்ஸாரே" என்றால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவது. ஆகவே ஆள் வருவான். ஜாக்கெட், குல்லாய், கம்பளி சகிதமாக ஏழு மணி வரை காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. இறங்கிப் போய்க் கேட்டேன். அந்த அம்மா ஃபோன் போட்டு விசாரித்த பிறகுதான் தெரிந்தது: ஆள் காலையிலேயே வந்திருக்கிறான், மணி அடித்திருக்கிறான், கதவு திறக்கவில்லை என்று போய்விட்டான். "நான்தான் மதியமே சொன்னேனே!" என்கிறார்.

இரண்டு கேள்விகள். நடந்து முடிந்ததற்கு எதற்கு எதிர்காலம்? அதைவிடக் கடுப்பு இது: நாளைக்கு நடக்கப்போவதற்கு இங்கே எல்லோரும் நிகழ்காலம்தான் போடுகிறார்கள். "தொமானி வாதோ அ வெனேத்சியா", அதாவது நாளைக்கு வெனிஸ் போகிறேன். அப்புறம் அந்த ஆறு விகுதிகளை நான் மனப்பாடம் செய்தது யாருக்காக?

மொழிப்பித்தன்:

கார்த்தி, அந்த அம்மா சொன்னதை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள். "வந்துட்டுப் போயிருப்பான்." இதில் "இருப்பான்" என்ன காலம்?

பதோவா கார்த்தி:

அட. எதிர்காலம்.

மொழிப்பித்தன்:

அவ்வளவுதான் விஷயம். ஆங்கிலம் வழியாக இத்தாலியன் படிக்கிறவர்களுக்கு இது தனிப் பாடம், தனி விதி, தனிப் பயிற்சி. தமிழ் வழியாகப் போனால் பாடமே வேண்டாம். கையில் கடிகாரம் இல்லாதபோது "எட்டு மணி இருக்கும்" என்கிறோம், அவர்கள் "சரான்னோ லே ஓத்தோ" என்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால் "சோனோ லே ஓத்தோ", நிகழ்காலம். எதிரே போகிறவரைப் பார்த்து "முப்பது வயசு இருக்கும்" என்றால் "அவ்ரா திரெந்தான்னி". வாசலில் மணி அடித்தால் "போஸ்ட்மேனா இருக்கும்", அங்கே "சரா இல் போஸ்தீனோ". ஒன்றுக்கு ஒன்று சொல்லி வைத்தாற்போல் பொருந்தும்.

இன்னும் ஒரு படி மேலே. யாராவது அளந்துவிடும்போது நாம் நம்பாமல் "ம்ம், இருக்கும் இருக்கும்" என்போமே, அதையே அவர்கள் "சரா!" என்று ஒற்றைச் சொல்லில் உதட்டைப் பிதுக்கிச் சொல்வார்கள். "கெட்டிக்காரனா இருப்பான், அதுக்காக இப்படியா?" என்பதற்கும் "சரா பிராவோ, மா..." என்றுதான் தொடங்கும்.

அனுமானம் இப்போதையதைப் பற்றி என்றால் சாதாரண எதிர்காலம். முடிந்துபோனதைப் பற்றி என்றால் ஃபுத்தூரோ அந்தெரியோரே: "சரா", "அவ்ரா"வோடு இறந்தகால எச்சம் சேரும். "ரயிலை விட்டிருப்பான்" என்பது "அவ்ரா பேர்சோ இல் திரேனோ". நம் "விட்டு + இருப்பான்" கட்டுமானத்தையே பிரித்து, முன்பின்னாக மாற்றி வைத்ததுபோல இருக்கும்.

உங்கள் கதையில் நீங்கள் தவறவிட்டது "சரா"வை இல்லை, "ஜா"வை. ஜா என்றால் "ஏற்கெனவே". அது காதில் விழுந்திருந்தால் குளிரில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

சிஸ்டர் ஜெ:

நல்ல இழை. ரோமில் ஒரு கன்னியர் மடத்தில் 14 வருடமாக இருக்கிறேன். முதல் வருடம் நான் செய்த தவறு இதற்கு நேர்மாறானது. எல்லாமே தமிழ்போலத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தினமும் செய்கிற காரியத்துக்கும் எதிர்காலத்தைப் போட்டேன். "காலையில் எழுந்ததும் காபி குடிப்பேன்" என்பது நமக்குப் பழக்கம்தானே, நாளைய திட்டம் இல்லையே. அதை அப்படியே "ஓஞ்ஞி மத்தீனா பெர்ரோ இல் கஃபே" என்று மதரிடம் சொன்னேன். அவர் மிகவும் கரிசனமாக "சரி, இன்றைக்கு மட்டும் ஏன் குடிக்கவில்லை?" என்று கேட்டார். நான் சொன்னது அவருக்கு ஒரு தீர்மானமாகக் கேட்டிருக்கிறது, இனிமேல் தினமும் காபி குடிக்கப்போகிறேன் என்று.

பழக்கத்துக்கு இத்தாலியில் நிகழ்காலம்: "பேவோ". சின்ன வயதில் ஆற்றில் குளிப்போம், மாங்காய் அடிப்போம் என்று பழைய கதை பேசும்போது நாம் எதிர்காலத்தில்தான் பேசுவோம், அங்கே இம்பெர்ஃபெத்தோ என்ற இறந்தகாலம். தமிழ் பாதி வழி வரைக்கும்தான் கூட வரும்.

பலெர்மோ அக்கா:

தம்பி கார்த்தி, உங்கட இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லுறன். பலெர்மோவுக்கு வந்து 23 வருடம். எங்கட பக்கம் எதிர்காலத்தில் கதைக்கிற ஆட்களையே காண்பது அரிது. சிசிலி மொழியில் அந்தக் காலமே புழக்கத்தில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பல்லாரோ சந்தையில் மீன்காரன் "துமானி வாயு" என்பான். நாளைக்குப் போறன் என்று அர்த்தம். நான் வந்த புதிதில் அவனுக்கு வயிற்றில் வாயுக் கோளாறு என்று நினைத்துப் பரிதாபப்பட்டனான்.

செய்தே ஆக வேண்டிய காரியம் என்றால் "அயு அ ஃபாரி" என்பார்கள், "செய்ய இருக்கு" என்கிற மாதிரி. ஞாயிறு வந்தால் நாங்கள் தமிழாட்கள் கனபேர் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறிப் போறனாங்கள். சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்ற பேதம் இல்லை. மலையடிவாரத்தில் சந்திக்கிற சிசிலிக் கிழவிகளும் "அடுத்த ஞாயிறும் வாறம்" என்று நிகழ்காலத்தில்தான் சொல்லிப் போட்டுப் போவினம், நாங்களும் அப்படித்தான். எதிர்கால விகுதியை இங்கே பள்ளிக்கூடத்தில் படிச்ச என்ர மகள்தான் எனக்குச் சொல்லித் தந்தவள்.

ஆகவே நிகழ்காலத்தோடு ஒரு "தொமானி" போட்டால் காரியம் முடிஞ்சுது.

சந்தேகப்பிராணி:

அக்கா, மன்னிக்கணும். அந்த அறிவுரையை நம்பித் தேர்வுக்குப் போனால் தேற மாட்டோம். 2018 டிசம்பரிலிருந்து குடியுரிமைக்கு பி1 (இடைநிலை) மொழிச் சான்றிதழ் கட்டாயம். சியெனாவில் உள்ள வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகத்தின் சில்ஸ் தேர்வு ஆனாலும் பெரூஜாவின் சேலி ஆனாலும் எதிர்காலம் தெரியாமல் பி1 எழுத முடியாது. அடுத்த விடுமுறையில் என்ன செய்யப்போகிறாய் என்று நண்பனுக்கு மடல் எழுதச் சொன்னால் வரிக்கு வரி நிகழ்காலம் போட்டு நிரப்புவீர்களா?

எனக்குப் பயமே அந்த ஒழுங்கில்லாத வினைகள்தான். அன்த்ரோ (போவேன்), வெத்ரோ (பார்ப்பேன்), வெர்ரோ, வொர்ரோ, பெர்ரோ (குடிப்பேன்). எதற்கு "ர்ர்", எதற்கு "த்ர்" என்று தலை சுற்றுகிறது. வெர்ரோ என்றால் வருவேன், வொர்ரோ என்றால் விரும்புவேன். போன வாரம் வகுப்பில் "நாளைக்கு விரும்புவேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மொழிப்பித்தன்:

அதை மனப்பாடம் செய்தால்தான் தலை சுற்றும். எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதிச் சுமை குறையும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பழைய லத்தீனில் "கந்தாபோ" என்று ஓர் எதிர்காலம் இருந்தது, பாடுவேன் என்று பொருள். பேச்சு லத்தீனில் சொல்லின் நடுவே வரும் ப-ஒலியும் வ-ஒலியும் கலந்துபோனபோது "பாடுவான்" (கந்தாபித்), "பாடினான்" (கந்தாவித்) இரண்டும் காதுக்கு ஒன்றாகிவிட்டன. வருவதும் போனதும் ஒன்றாகக் கேட்டால் பிழைப்பு ஓடுமா? மக்கள் வேறு வழி பார்த்தார்கள். வினையின் எச்ச வடிவத்தோடு "எனக்கு இருக்கிறது" என்பதைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்: "கந்தாரே ஹபேயோ". பாட எனக்கு இருக்கிறது. நம் செய்தித்தாள்களில் "முதல்வர் நாளை திறந்துவைக்க இருக்கிறார்" என்று எழுதுகிறார்களே, ஏறக்குறைய அதே உத்தி. அக்கா சொன்ன "அயு அ ஃபாரி" இதன் ஒன்றுவிட்ட தங்கை. சிசிலியில் அது இரண்டு சொல்லாகவே நின்றுவிட்டது, ஃபிளாரன்ஸ் இருக்கும் தோஸ்கானாவில் ஒட்டி ஒரே சொல்லானது.

அதனால்தான் விகுதிகளைப் பார்த்தால் "உண்டு" என்னும் பொருள் தரும் "அவேரே"யின் நிகழ்காலம் அப்படியே தெரியும். எனக்கு உண்டு "ஓ", உனக்கு "அய்", அவனுக்கு "ஆ", அவர்களுக்கு "அன்னோ". இப்போது "பேசு" என்பதற்கான பார்லரே வினையைப் பாருங்கள்: பார்லெரோ, பார்லெராய், பார்லெரா, பார்லெரான்னோ. பார்லரே என்பது பார்லெர் ஆனது ஃபிளாரன்ஸ்காரர்கள் வாய்க்கு ஏற்ப. பக்கத்து சியெனாவில் பழைய காலத்தில் "பார்லரோ" என்றே இருந்தது.

ஒட்டிய பிறகு அழுத்தம் பின்னால் போய்விட்டது. அழுத்தம் இழந்த நடு உயிர் சில வினைகளில் தேய்ந்து விழுந்தது: வெதெரோ வெத்ரோ ஆனது, அன்தெரோ அன்த்ரோ ஆனது, அவெரோ அவ்ரோ ஆனது. உயிர் விழுந்ததும் ன-வோ ல-வோ ர-வை முட்டினால் தானும் ர-வாக மாறிவிடும். வெனீரே வென்ரோ ஆகி வெர்ரோ. வொலேரே வொல்ரோ ஆகி வொர்ரோ. தெனேரே தெர்ரோ. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைப் பள்ளியில் படித்த நமக்கு இதில் என்ன அதிசயம்? வருவேனும் விரும்புவேனும் குழம்பினால் மூல வினையின் முதல் உயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெனீரே "வெ", வொலேரே "வொ".

சந்தேகப்பிராணி:

பொற்குடம்! இதை எங்கள் ஆசிரியை சொன்னதே இல்லை. அவர் இத்தாலியர், எப்படிச் சொல்வார். நன்றி சார். பள்ளியில் புணர்ச்சி விதிக்கு அடி வாங்கியது இப்போதுதான் பலன் தருகிறது.

சிஸ்டர் ஜெ:

இன்னொன்று. "பார்லெரேமோ" என்றால் பேசுவோம். "பார்லெரெம்மோ" என்றால் (முடிந்தால்) பேசுவோமே, அதாவது நிபந்தனை. ஒரே ஒரு ம் வித்தியாசம். எங்கள் மடத்தில் இருக்கும் வேறு நாட்டுச் சகோதரிகள் பலருக்கு இந்த இரட்டிப்பு காதில் விழுவதே இல்லை. படு, பட்டு என்று வேறுபடுத்திக் கேட்டு வளர்ந்த நமக்கு உடனே விழுகிறது. இந்தச் சலுகையை வீணாக்காதீர்கள்.

ஒரு ஸ்பானிஷ் ரசிகன்:

குறுக்கே வருகிறேன். ஸ்பானிஷில் "வோய் அ கொமேர்" என்றால் சாப்பிடப்போகிறேன். இத்தாலியிலும் "வாதோ அ மன்ஜாரே" என்று சொல்லி ஒப்பேற்றலாம்தானே? தமிழிலும் "போறேன்" வருகிறதே.

மொழிப்பித்தன்:

ஒப்பேற்ற முடியாது. இத்தாலியில் "வாதோ அ" என்றால் கால் நடக்க வேண்டும். சாப்பிட எழுந்து போனால் சொல்லலாம். "வயதாகப்போகிறது", "மழை பெய்யப்போகிறது" என்பதற்கெல்லாம் அது வராது. சற்று நேரத்தில் நடக்க இருப்பதற்கு "ஸ்தாரே பெர்" இருக்கிறது: "ஸ்தோ பெர் உஷ்ஷீரே", இதோ கிளம்பப்போகிறேன், செருப்பு மாட்டியாயிற்று என்ற அளவுக்கு நெருக்கம். அடுத்த வருடத் திட்டத்துக்கு அதைப் போட்டால் சிரிப்பார்கள்.

அக்கா சொன்னதற்கும் ஒரு திருத்தம். நிகழ்காலம் போதும் என்பது "தொமானி", "லுனெதி" (திங்கள்) போன்ற நாள் பெயரோ, பேசும் இடத்தில் தெளிவான சூழலோ இருந்தால்தான். எதுவும் இல்லாமல் "வாதோ அ ரோமா" என்றால் பையைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்புகிறீர்கள் என்று அர்த்தம்.

பலெர்மோ அக்கா:

அது சரிதான். ஆனால் ஒரு விசயம் இருபது வருடம் வீட்டு வேலை, கடை வேலை செய்து கண்டனான். வேலைக்காரன் "பஸ்ஸோ லுனெதி" என்று நிகழ்காலத்தில் சொன்னால் திங்கள் வருவான். "பஸ்ஸெரோ" என்று ஓகாரத்தை இழுத்தான் என்றால் வேற ஆளைத் தேடுங்கோ.

மொழிப்பித்தன்:

விதியாக எழுதி வைக்க மாட்டேன். ஆனால் அடிப்படை உண்மை இருக்கிறது. பேச்சில் நிகழ்காலம் போட்டால் நாள் குறித்தாயிற்று என்ற தொனி, எதிர்காலம் போட்டால் கொஞ்சம் தள்ளி நிற்கும் தொனி. நேர்முகத் தேர்வு முடிந்ததும் "லே ஃபரேமோ சபேரே" (தெரியப்படுத்துவோம்) என்றால் எந்த இத்தாலியனும் அந்த ஃபோனுக்காகக் காத்திருப்பதில்லை.

எழுத்தில் கதை வேறு. வானிலை அறிக்கை, அரசு அறிவிப்பு, ரயில் நிலையத்து ஒலிபெருக்கியின் "அர்ரிவெரா கோன் ஊன் ரிதார்தோ..." (தாமதமாக வந்து சேரும்) எல்லாம் எதிர்காலம்தான். சட்டத்திலும் அதற்குக் கனம் அதிகம். கடன் உறுதிச்சீட்டுக்கே இத்தாலியில் பெயர் "பகெரோ", அதாவது "செலுத்துவேன்". வினைமுற்றையே பெயர்ச்சொல்லாக்கி 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஓகாரத்தை நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் பணம் கட்டித்தான் ஆக வேண்டும், அக்கா.

பலெர்மோ அக்கா:

ஐயா, அதுக்கும் என்ர அனுபவம் வேற மாதிரி. விடுங்கோ.

சிஸ்டர் ஜெ:

2020 மார்ச்சில் பால்கனிதோறும் குழந்தைகள் வானவில் வரைந்து தொங்கவிட்டிருந்த வாசகமும் எதிர்காலம்தான்: "அன்த்ரா துத்தோ பேனே". எல்லாம் நல்லபடியாகப் போகும். அன்றைக்கு அதை நிகழ்காலத்தில் எழுத யாருக்கும் மனம் வந்திருக்காது. மூன்றாவது வாரத்தில் எங்கள் எதிர்வீட்டுத் துணி மழையில் சாயம் போய் "துத்தோ" மட்டும்தான் தெரிந்தது. அதைக் கழற்றாமலே வைத்திருந்தார்கள்.

பதோவா கார்த்தி:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. கடைசியாக இரண்டு சந்தேகம். "ரெண்டு நாள் கழிச்சு வருவேன்" என்று சொல்ல "தோப்போ துவே ஜோர்னி" என்றேன், வீட்டுக்காரம்மா "எதற்குப் பிறகு?" என்று கேட்டார். அப்புறம், "வருவேன்னு சொன்னான்" என்பதற்கு "வெர்ரா" போட்டது தவறு என்கிறார் ஆசிரியர். ஏன்?

மொழிப்பித்தன்:

முதலாவது: இப்போதிலிருந்து எண்ணினால் "ஃப்ரா துவே ஜோர்னி". திரா என்றாலும் ஒன்றுதான். தோப்போ என்பது வேறொரு சம்பவத்திலிருந்து எண்ணுவது. நம் "கழிச்சு" இரண்டுக்கும் பொது, அதுதான் வம்பு. ஆங்கிலப் பழக்கத்தில் "இன் துவே ஜோர்னி" என்று சொல்லிவிடாதீர்கள், "இரண்டே நாளில் செய்து முடிப்பேன்" என்றாகிவிடும்.

இரண்டாவது: நாம் அவன் வாயால் சொன்னதை "-ன்னு" போட்டு அப்படியே ஒப்பிப்போம், காலம் மாறாது. இத்தாலியில், சொன்னது நேற்று, வர வேண்டிய நேரமும் கடந்துவிட்டது என்றால் "ஹா தெத்தோ கே சரெப்பே வெனூத்தோ". இறந்தகால நிபந்தனை வடிவம். பக்கத்து மொழிகளான பிரெஞ்சும் ஸ்பானிஷும் இதற்குச் சாதாரண நிபந்தனை வடிவத்தோடு நிறுத்திக்கொள்கின்றன, இத்தாலியன்தான் கூட்டு வடிவம் கேட்கிறது. வந்தானா இல்லையா என்பதை அது சொல்லாது. இன்னும் வர வேண்டியிருந்தால் நீங்கள் போட்ட "வெர்ரா" சரிதான், ஆசிரியரிடம் சூழலைச் சொல்லிக் கேளுங்கள்.

"மழை பெய்தால்" பற்றியும் கேட்பீர்கள், முன்பே சொல்லிவிடுகிறேன். "ஸே பியோவெரா, ரெஸ்தெரோ அ காசா" (மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்) என்று இரு பக்கமும் எதிர்காலம் போடலாம். "ஸே பியோவே, ரெஸ்தோ அ காசா" என்று இரு பக்கமும் நிகழ்காலம் போட்டாலும் ஒருவரும் திருத்த மாட்டார்கள்.

சந்தேகப்பிராணி:

கார்த்தி, பாய்லர் என்ன ஆச்சு? அதைச் சொல்லாமல் இலக்கணம் பேசிக்கொண்டிருக்கிறீர்களே.

பதோவா கார்த்தி:

திங்கள்கிழமை அப்டேட். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா "பஸ்ஸா லுனெதி" என்று சொன்னார். நிகழ்காலம், கூடவே நாள் பெயர். அக்கா சொன்னதை நம்பி வகுப்பைக் கட் அடித்துவிட்டு உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு மணி அடித்தது. கீழே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். நான் மாடிப்படியிலிருந்து, ரொம்ப நாளாகக் காத்திருந்த வாக்கியத்தை, அழுத்தம் கடைசி எழுத்தில் விழும்படி, உரக்கச் சொன்னேன்: "சரா லூயி!" அவனாத்தான் இருக்கும்!

அந்த அம்மா முதல் முறையாக என்னைப் பாராட்டுகிற மாதிரி தலையாட்டினார். கதவைத் திறந்தோம். போஸ்ட்மேன்.